வெள்ளைக் காரின் தாவாக்கட்டை

கண்ணாடி நார் மணிக்கட்டில் ஏறிவிட்டால் எளிதில் போகாது. தேய்க்கத் தேய்க்க இன்னும் உள்ளே போகும். பச்சைத் தண்ணீரில் கழுவிவிட்டு, செலோ டேப்பை ஒட்டி உரித்தால் கொஞ்சம் வரும். மீதி தானாக விழும்வரை மூன்று நாள் அரிப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இர்ஷாத் என்பவருடைய வெள்ளை ஸ்விஃப்ட்டுக்காக நான் நார்ப் பாய் வெட்டியபோது ஏறியது மட்டும் ஐந்து நாளாகியும் போகவில்லை. அந்தக் காருக்கு அதைப் போடக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்ததால்கூட அப்படித் தோன்றியிருக்கலாம்.

எங்கள் பட்டறை மேலப்பாளையம் சந்தை முக்கைத் தாண்டித் தெற்கே போகிற சாலையில் இருக்கிறது. என் அண்ணன் நாசர் காக்கா அதை நடத்துகிறார். பெயிண்ட் வேலைக்கு இசக்கிராஜா அண்ணாச்சி இருக்கிறார். வாப்பா மவுத்தான வருடம், பத்தாம் வகுப்போடு, நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதிலிருந்து நானும் அங்கேதான். முன்பக்கம் வண்டிகள் நிற்கும். நடுவில் ஒரு நீலத் தார்ப்பாய் தொங்கும். அதற்குப் பின்னால் அச்சுகள், ரெசின் டப்பாக்கள், நார்ப் பாய்ச் சுருள்கள், நான். முன்னால் ஆள் பேச்சுக் கேட்டால் நான் தார்ப்பாயைத் தாண்ட மாட்டேன். யாரும் தடுத்ததில்லை. அந்நியர் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது, அவ்வளவுதான்.

காருக்கு பாடி கிட் போடுவது என்றால், கம்பெனியில் வந்த உடம்புக்கு மேல் இன்னும் சில உறுப்புகளைப் பொருத்துவது. முன் பம்பருக்கு அடியில் உதடு மாதிரி நீளும் ஒரு பட்டை, இரண்டு பக்கமும் தரையை ஒட்டி ஓடும் பலகைகள், பின்னால் ஒன்று. முன்பட்டையை எல்லோரும் லிப் என்பார்கள். இசக்கிராஜா அண்ணாச்சி மட்டும் தாவாக்கட்டை என்பார். "ஒதட்ட விட தாவாக்கட்டதாம்லே முதல்ல இடிபடும்" என்று அதற்குக் காரணமும் சொல்வார்.

எங்கள் பக்கத்தில் ஃபைபர் என்ற சொல்லுக்கு எல்லையே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஃபைபர். குளியலறைக் கதவு ஃபைபர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஃபைபர். காரில் இரும்பாகவோ கண்ணாடியாகவோ இல்லாத எதுவும் ஃபைபர். பட்டறைக்குள் மட்டும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். கண்ணாடி நார்ப் பாயை அச்சில் விரித்து, ரெசின் என்கிற பிசினில் ஊறவைத்து, இறுகியபின் உரித்து எடுப்பது. நடந்தது எல்லாம் இந்த ஒரு சொல்லால் வந்ததுதான்.

கடைக்கென்று ஒரு போன் உண்டு. தமிழில் தட்டெழுதக் காக்காவுக்குப் பொறுமை கிடையாது. வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்குப் பதில் போடுவது என் வேலை. பதிலில் நிலோஃபர் என்ற என் பெயர் இருக்காது. கேட்பவர்கள் நாசரோடு பேசுவதாகவே நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

இர்ஷாத் காயல்பட்டினத்துக்காரர். துபாயில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை. இருபத்தாறு வயது. டிசம்பரில் விடுமுறைக்கு வந்திருந்தபோது, கூட்டாளி ஒருவரின் காரில் எங்கள் வேலையைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்கு வந்தார். வண்டியைக் காட்டினார், அளவெடுக்கவிட்டார், போய்விட்டார். தார்ப்பாயின் அடியில் நான் அவருடைய செருப்பை மட்டும் பார்த்தேன். துபாய்க்குத் திரும்பியபின் எழுத ஆரம்பித்தார்.

"நாசர் காக்கா, எது நல்லது? ஃபைபரா, ஏ.பி.எஸ்.ஸா, பி.யூ.வா? கார்பன்னு ஒண்ணும் சொல்லுதாங்க."

வழக்கமாகக் கேட்பவர்கள், போட்டால் எப்படித் தெரியும், படம் அனுப்புங்கள் என்பார்கள். இவருடைய இரண்டாவது கேள்வி வேறாக இருந்தது.

"ஒடஞ்சா என்ன ஆகும்?"

நான் எழுதினேன். கார்பன் பந்தயக் காருக்கு, நம் சாலைக்கு அது வெறும் அழகு. ஃபைபர் எந்த வடிவத்துக்கும் வரும், எடை குறைவு, கீறல் விழுந்தால் மறுபடி பாய் ஒட்டிச் சரிசெய்யலாம். ஆனால் வளையாது. தாங்கும்வரை தாங்கும், பிறகு ஒரேயடியாக உடையும். உடைந்த விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், தொங்கினால் டயருக்குப் போகும். ஏ.பி.எஸ். என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கொஞ்சம் வளையும். வளைந்த இடம் வெளுத்து, அப்புறம் கிழியும். பி.யூ. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் உள்ளது. எடை கூடுதல். பெயிண்டில் இளக்கம் தரும் மருந்து கலக்காவிட்டால் மேல் பெயிண்ட் வெடித்துவிடும். ஆனால் இடித்தால் மடங்கி, திரும்ப வந்து நிற்கும்.

"நம்ம ஊரு வெயில்ல பி.யூ. தொங்கிராதா?"

எனக்கு அது தெரியாது. எங்களிடம் பழைய பி.யூ. துண்டு ஒன்று கிடந்தது. அதன் இரண்டு முனைகளையும் செங்கல்லில் தூக்கி வைத்து, காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை தகரக் கூரைமேல் போட்டேன். நடுவில் ஒரு நூல் அளவு தொங்கியிருந்தது. அடிக்குச்சியோடு படம் எடுத்து அனுப்பி, கூடுதலாக நான்கு ஸ்க்ரூ போட்டால் தாங்கும் என்று எழுதினேன்.

"இவ்வளவு யாரும் சொன்னதில்ல காக்கா" என்று பதில் வந்தது. அந்தக் காக்காவைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, திருடியது மாதிரியும் இருந்தது.

அதன்பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. ஒலியைக் குறைத்து, ரெசின் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. பி.யூ.வே போட்டுருங்க. நான் ஓட்டுததா இருந்தா ஃபைபர் போதும், பாத்து ஓட்டுவேன். ஆனா அடுத்த லீவு வரைக்கும் வண்டி வாப்பாட்டதான் இருக்கும். உம்மாவுக்குக் கிட்னிக்கு வாரத்துல ரெண்டு நாளு பாளையங்கோட்டைக்கு வரணும். வாப்பாவுக்கு வலது கண்ணு மங்கல். கேட்டா ஒத்துக்கிட மாட்டாங்க. வேகத்தடைய ஒண்ணு பாக்க மாட்டாங்க, பாத்தாலும் மதிக்க மாட்டாங்க." இங்கே ஒரு சிரிப்பு. "அதனால இடிச்சாலும் ஒடையாதது போடுங்க. வாப்பாட்ட இத சொல்லிராதீங்க காக்கா. அவங்ககிட்ட ஃபைபர்னு சொல்லி வச்சிருக்கேன். அவங்களுக்கு இரும்பு இல்லாதது எல்லாம் ஃபைபர்தான்."

காக்காவிடம், காயல் பார்ட்டி பி.யூ. கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன். கோயம்புத்தூரில் சொல்லி வைத்து, அவர்கள் நாள் சொல்ல ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. "மூன்று வாரத்தில் வந்துவிடும்" என்று இர்ஷாதுக்கு எழுதினேன். அந்த வரிக்குப் பக்கத்தில் இரண்டு சாம்பல் டிக் விழுந்தது. நீலமாகவில்லை. பிப்ரவரி மாதம் அது. நான்கு நாள் கழித்து அந்தக் கூட்டாளி வந்து சொன்னார். இரவு தூங்கப் போன இர்ஷாத் காலையில் எழும்பவில்லை. குரல் அனுப்பிய ஒன்பதாம் நாள். அங்கேயே அடக்கிவிட்டார்கள். வாப்பாவும் உம்மாவும் மகனின் மையத்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

காக்கா கோயம்புத்தூருக்குப் பேசி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரலில் ஒரு நாள் அந்த வெள்ளைக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. தார்ப்பாயின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். இறங்கியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை, தொப்பி.

"நாசருங்கது நீங்கதானா? நான் இர்ஷாது வாப்பா. தாவூது."

காக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டார். தாவூது மாமா உட்காரவில்லை.

"மவன் இந்த வண்டிக்கு என்னமோ போடணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அதப் போட்டுக் குடுங்க."

"இப்ப எதுக்கு மாமா அதெல்லாம்? வண்டி நல்லாத்தான இருக்கு."

"அவன் ஆசப்பட்டதுல பாக்கி நிக்கது இது ஒண்ணுதான். போட்டுருங்க."

"என்ன போடணும்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"ஃபைபர். ஃபைபர்னுதான் சொன்னான். ரெண்டு தடவ கேட்டேன், ரெண்டு தடவயும் ஃபைபர்னான்."

தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் நான் கத்தரியோடு நின்றுகொண்டிருந்தேன். காக்கா காலண்டரைப் பார்த்தார். பிறகு, "சரி மாமா, ஒரு வாரம் ஆகும்" என்றார்.

மாமா போனபின் இசக்கிராஜா அண்ணாச்சி வண்டியைச் சுற்றி வந்தார். இடது பக்கம் ஒரு கீறல் இல்லை. வலது பக்கம் கதவில் இரண்டு நசுங்கல், சக்கர வளைவில் ஒன்று, பம்பர் மூலையில் தேய்ப்பு.

"என்ன பாய், ஒரே பக்கமா அடி வாங்கியிருக்கு?"

"காயல்பட்டினத்துத் தெருவு அப்படி அண்ணாச்சி. சந்து சந்தா இருக்கும்."

"சந்துக்கு ரெண்டு பக்கமும் சுவர் உண்டுல்லா வே?" என்றார் அண்ணாச்சி. காக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் சோறு போடும்போது கேட்டேன். "காக்கா, அவரு பி.யூ.லா கேட்டாரு?"

"கேட்டவரு இல்லையே ளா. இப்ப கேக்கது அவரு வாப்பா. அவரு வாயால ஃபைபர்னு சொல்லுதாரு. அச்சு நம்மகிட்ட கிடக்கு. பி.யூ.க்கு மறுபடி மூணு வாரம். பெத்தவரு மூணு வாரம் எதுக்குக் காத்துக் கிடக்கணும்?"

"அவரு ஃபைபர்னு சொல்லுதது நம்ம ஃபைபர் இல்ல."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு மேல் சொல்வதென்றால் அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாத நான், அந்நிய ஆண் ஒருவருடைய குரலை இரண்டு மாதமாகப் போனில் வைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லிராதீங்க என்று அவர் கேட்டுக்கொண்டதையும் மீற வேண்டும். உயிரோடு இருப்பவர் என்றால், சொல்லலாமா என்று திரும்பக் கேட்கலாம். நான் ரசத்தை ஊற்றினேன்.

மறுநாள் அச்சுக்கு மெழுகு தடவி, ஜெல் பூசி, பாய் வெட்டினேன். முன்பட்டைக்கு மூன்று அடுக்கு போதும். ஐந்து போட்டேன். தடிமன் கூடினால் உடைய நேரமாகும், உடையாமல் போகாது. அது எனக்குத் தெரியும். உடையும்போது துண்டு இன்னும் கனமாக இருக்கும். அதுவும் தெரியும். ஆனாலும் நான்காவது பாயையும் ஐந்தாவது பாயையும் விரித்து, பிரஷால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தேன். கைக்கு வேலை இருக்கிறவரை வாய்க்கு வேலையில்லை.

அச்சிலிருந்து உரித்ததைத் தூக்கிப் பார்த்த இசக்கிராஜா அண்ணாச்சி, "என்ன பாப்பா, காருக்குத் தாவாக்கட்ட போடச் சொன்னா காயல்பட்டினத்துக் கடலுக்குத் தோணி செஞ்சிருக்க?" என்றார்.

"கெட்டியா இருக்கட்டும்னு."

"கெட்டியா இருந்தா மண்டய ஒடைக்கும்" என்று சொல்லிவிட்டு பட்டி தேய்க்கப் போனார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். அன்று மாலைவரை அது என் காதிலேயே இருந்தது.

வியாழக்கிழமை வண்டி தயார். வலது பக்க நசுங்கல்கள் எல்லாம் போய், வெள்ளை பளபளத்தது. முன்பட்டையை ஏழு ஸ்க்ரூ போட்டுப் பொருத்தியிருந்தோம். தரைக்கும் அதற்கும் நான்கு விரற்கடை இடைவெளி. இருட்டுவதற்குள் அது காயல்பட்டினம் போய்ச் சேர வேண்டும். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றை ஒட்டியே போகும் சாலை. ஊருக்கு இரண்டு வேகத்தடை இருக்கும். சில ஊரில் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, பள்ளிவாசலுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. பாதி வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு கிடையாது.

தாவூது மாமா பதினொரு மணிக்கு வந்தார். கையில் ஒரு பலகாரப் பொட்டலம்.

"வீட்ல தம்மடை குடுத்துவிட்டா. புள்ளைங்க யாராவது இருந்தா குடுங்க." பொட்டலத்தைக் காக்காவிடம் கொடுத்தார். "வாடகை வண்டியில அவள ஆஸ்பத்திரியில விட்டுட்டு, வண்டிய அனுப்பிட்டேன். மூணு மணிக்கு ரத்தம் சுத்தம் பண்ணி முடிப்பாங்க. நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போயிருவேன். அவளுக்குத் தெரியாது, வண்டியப் பாத்து ஆச்சரியப்படட்டும்."

அதுவரை, இன்றில்லாவிட்டால் இன்னொரு நாள், காக்காவுக்கு ஒரு துண்டுச் சீட்டாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி என்றதும் அந்த இன்னொரு நாள் இல்லாமல் போயிற்று.

மாமா காரின் முன்னால் குனிந்து பட்டையைத் தடவினார். விரல் மடக்கித் தட்டினார். டக் டக் என்றது.

"நல்லா கெட்டியா இருக்கு. அவன் நெனச்ச மாதிரியே இருக்கு."

"உங்களுக்குத் திருப்தியா மாமா?"

"எனக்கு என்னப்பா. அவனுக்குத்தான்."

சாவியை வாங்கிக்கொண்டு டிரைவர் கதவுப் பக்கம் நடந்தார். அந்தப் பக்கம் கூரைச் சட்டத்தில் ஒரு பழைய பம்பர் கயிற்றில் தொங்கும். நான் அங்கே வேலைக்கு வந்த நாளிலிருந்து அது தொங்குகிறது. எல்லோரும் விலகிப் போவார்கள். மாமா நேராகப் போய் வலது தோளால் அதில் மோதினார். தொப்பி விழுந்தது.

"இத ஆருப்பா இங்கன தொங்கப் போட்டது?" என்றார், கோபமாக.

காக்கா தொப்பியை எடுத்துக் கொடுத்தார். இசக்கிராஜா அண்ணாச்சி கையில் துணியோடு அப்படியே நின்றார். மாமா கதவைத் திறந்தார்.

நான் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

முழங்கைவரை ரெசின் ஒட்டிய காக்காவின் பழைய முழுக்கைச் சட்டை, முக்காடு, கையில் போன். "மாமா" என்று சொன்னேனா, வாயசைத்தேனா தெரியாது. ஆனால் அவர் திரும்பினார்.

"இந்த வண்டி இப்படிப் போகக் கூடாது மாமா."

"ஏளா, உள்ள போ" என்றார் காக்கா.

"அவங்க கேட்டது இது இல்ல. அவங்க கேட்டது வேற. இது ஒடையும்."

"உள்ள போன்னு சொல்லுதேன்லா?"

மாமா கையைத் தூக்கிக் காக்காவை நிறுத்தினார். "ஆரு கேட்டது? எம் மவனா?"

"ஆமா மாமா."

"அவன் ஃபைபர்தானம்மா கேட்டான்."

இதற்கு மேல் என்னால் வார்த்தையில் சொல்ல முடியாது என்று தெரிந்தது. போனை நீட்டி, பதிவைத் தொட்டேன். ஒலியைக் கூட்டவில்லை. ஆனாலும் பட்டறை முழுக்கக் கேட்டது.

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா.

மாமாவின் உதடு அசைந்தது. பதில் ஸலாம் சொல்லியிருப்பார். பிறகு காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டார். வலது கண்ணு மங்கல் என்று வந்த இடத்தில் அவர் தலையைத் தூக்கவில்லை. அந்தச் சிரிப்பு வந்தபோது கண்ணை மூடினார். பதிவு முடிந்தது.

"இன்னொரு தடவ போடு புள்ள."

போட்டேன். மூன்றாம் தடவையும் போட்டேன். மூன்றாம் தடவை அவர் சொற்களைக் கேட்கவில்லை, சிரிப்பு வரும் இடத்துக்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"எப்ப அனுப்புனது?"

"மவுத்துக்கு ஒன்பது நாளைக்கு முந்தி."

காக்காவின் முகம் கறுத்திருந்தது. "மாமா, இவ எந் தங்கச்சி. நிலோஃபர். கடை போன்ல இவதான் பதில் போடுவா. எம் பேர்லதான் போடுவா. வேற ஒண்ணும் கிடையாது மாமா, அல்லாவுக்குப் பொதுவா சொல்லுதேன்."

"நான் ஒண்ணும் கேக்கலையேப்பா" என்றார் மாமா. என்னைப் பார்த்தார். "எது ஒடையும், எது ஒடையாதுன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்தது நீயா?"

"ஆமா மாமா. அவங்க என்கிட்ட, ஒங்ககிட்ட சொல்லிராதன்னு சொன்னாங்க. நான் சொல்லிட்டேன்."

அப்போதுதான் அழுகை வந்தது. இர்ஷாதுக்காக அல்ல, சொல்லிவிட்டேனே என்பதற்காக.

மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். வந்த நாளிலிருந்து அங்கே அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"டிசம்பர்ல வந்திருக்கும்போது தெனமும் எனக்கு டீ போட்டுக் கொண்டாருவான். கொண்டாந்து வலது பக்கமா வச்சுட்டு, ஒண்ணும் சொல்லாம நிப்பான். நான் இடது பக்கம் தேடுவேன். டீ எங்கலேன்னு சத்தம் போடுவேன். வாப்பா, இந்தா இருக்குன்னு எடுத்துக் குடுப்பான். வெளையாடுதான்னு நெனச்சேன்."

இசக்கிராஜா அண்ணாச்சி முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டு, காரின் முன்னால் மல்லாந்து படுத்தார். ஏழு ஸ்க்ரூவும் கழன்று விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பட்டையை இழுத்துத் தரையில் வைத்தார்.

"எப்படி ஒடையும்? காட்டு" என்றார் மாமா.

"வேண்டாம் மாமா."

"நான் பாக்கணும்."

இரண்டு செங்கல் எடுத்துவந்து, அதன்மேல் பட்டையைக் கவிழ்த்து வைத்தேன். மாமா செருப்புக் காலோடு ஒரு காலை வைத்து அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. ஐந்து அடுக்கு. காக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் வைத்து ஏறினார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை நான்தான் தப்போ, இது தாங்கியிருக்குமோ என்று நினைத்தேன். மாமா மெதுவாக இறங்கி, மறுபடி ஏறினார். துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். பட்டை இரண்டாகி, ஒரு துண்டு சுழன்றுபோய்க் காரின் முன் டயரில் இடித்து நின்றது. விளிம்பில் வெள்ளை நார்கள் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருந்தன.

காக்கா அந்தத் துண்டையும் டயரையும் பார்த்துக்கொண்டே நின்றார். "வளையவே இல்லையே" என்றார், தனக்குத்தானே. பத்து வருடமாக இதையே செய்கிறவர்.

மாமா குனிந்து விளிம்பைத் தொடப் போனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். "தொடாதீங்க, ஏறிரும். மூணு நாளைக்குப் போகாது."

"அவன் சொன்னதையே போடு" என்றார் அவர். "எத்தன வாரம் ஆனாலும் சரி." பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தார். "அந்தக் குரல எனக்குத் தர முடியுமா? எங்கிட்ட பட்டன் போனுதான் இருக்கு."

"அவங்க போன்லயும் இருக்கும் மாமா. அது வந்துட்டா அதுலயே கேக்கலாம்."

"அவன் பெட்டி இன்னும் வரல. கூட்டாளி ஒருத்தன் கொண்டாருதேன்னு சொல்லியிருக்கான்."

மீதி நேரம் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தவர் இரண்டே முக்காலுக்கு எழுந்தார். சாவியைப் பையிலிருந்து எடுத்து, உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் காக்காவிடம் நீட்டினார்.

"ஒனக்கு நேரமிருந்தா, அவளக் கூட்டிக்கிட்டு வீடு வரைக்கும் ஓட்டிட்டு வாப்பா. பைய வந்தாப் போதும்."

காக்கா கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார். மாமா காரைச் சுற்றி இடது பக்கம் போனார். அந்தக் கதவின் கைப்பிடி எப்படித் திறக்கும் என்று மறந்தவர் மாதிரி ஒரு நிமிடம் நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்தார். முன்பட்டை இல்லாத பம்பரின் அடியில் ஏழு ஓட்டைகள் தெரிய, வண்டி வாசலைத் தாண்டிப் போனது.

காக்கா அன்று இரவு பஸ்ஸில் திரும்பி வந்து என்னிடம் எதுவும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள், தம்மடைப் பொட்டலத்தைத் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளி, "புள்ளைங்களுக்குன்னு குடுத்தாரு, தின்னு" என்றார். காய்ந்து போயிருந்தது. தின்றேன்.

பி.யூ. பட்டை மே மாதம் வந்தது. கனமாக, கறுப்பாக, மலைப்பாம்பு மாதிரி சுருண்டிருந்தது. மருந்து கலந்து அண்ணாச்சி பெயிண்ட் அடித்தார். ஏழு ஸ்க்ரூவோடு இன்னும் நான்கு நான் போட்டேன். வண்டியை எடுத்துவந்தவர் சிவசண்முகம் என்கிற டிரைவர். ஆஸ்பத்திரி நாட்களுக்கு மட்டும் மாமா அவரை வைத்திருந்தார். மாமா இடது பக்கம் இருந்து இறங்கினார். இர்ஷாதின் உம்மா பின் இருக்கையில் இருந்தார். பெயர் கமர் நிஷா. கண்ணாடியை இறக்கி, தார்ப்பாயை நோக்கிக் கை காட்டினார். நான் போய்க் கையைப் பிடித்தேன். அவர் நார் ஏறிச் சிவந்திருந்த என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, பாய் வெட்டிக்கொண்டிருந்தேன். போன் ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், திரையில் இர்ஷாத் காயல் என்று இருந்தது.

கத்தரியைப் பாயின்மேல் வைத்தேன். விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத் திறந்தேன். ஒரு குரல் பதிவு.

"நிலோஃபர், தாவூது மாமா பேசுதேன். பயந்துராத. மவன் பெட்டி வந்திருச்சு. போனும் வந்திருச்சு, கூட்டாளிதான் தொறந்து குடுத்து, இப்படிப் பேசி அனுப்பச் சொல்லிக் குடுத்தான். ஒனக்கு ஒண்ணு சொல்லணும். ஆழ்வார்திருநகரிக்கு இந்தப் பக்கம் புதுசா ஒரு வேகத்தட போட்டிருக்கான், கோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. சிவசண்முகத்துக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு, அவன் பாக்கல. நான் பாத்துட்டேன். சொல்லதுக்குள்ள ஏறிட்டான். அடியில தேய்ஞ்சு அப்படி ஒரு சத்தம். எறங்கிப் பாத்தா, மடங்கிட்டு, அது பாட்டுக்குத் திரும்பி வந்து நிக்கி. பெயிண்டுகூடப் போகல. இர்ஷாது உம்மா தூங்கிட்டு இருந்தா, முழிக்கவே இல்ல."

திரையை மேலே தள்ளினேன். பிப்ரவரியில் நான் எழுதிய வரி அங்கேயே இருந்தது. மூன்று வாரத்தில் வந்துவிடும். அதன் பக்கத்தில் இருந்த இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன.

அதுவரை அந்தப் போனில் நான் ஒரு சொல்கூடப் பேசி அனுப்பியதில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தேன். தொண்டையைச் செருமியதும் பதிவாகிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி பிடித்தேன்.

"மாமா, நிலோஃபர் பேசுதேன். இடது ஓரத்துல கடைசி ஸ்க்ரூ எளகியிருக்கான்னு சிவசண்முகம் அண்ணன ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. அதுலதான் இழுப்பு அதிகம்."